தேசிக்காயும் ஒரு ஜாம் போத்தலும்

நேயர்களுக்கு வணக்கம். கொழும்பு ஹோட்டல்களின் மதுச்சாலைகளில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வீட்டிலேயே ‘டைக்கிரி’ என்ற ரம் பானத்தைக் கலப்பது எப்படி என்று சொல்லச் சொன்னார்கள். 21 வயது நிரம்பாதவர்கள் எழுந்துபோய்த் தேநீர் போடலாம்.

டைக்கிரி என்பது கியூபாவில் சான்டியாகோ நகருக்கு அருகிலுள்ள ஓர் ஊர். அங்கே சுரங்கத்தில் பணியாற்றிய ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1898 அளவில் இந்தப் பானத்தைக் கண்டுபிடித்தார் என்பார்கள். நான் அதை முழுதாக நம்புவதில்லை. கரும்பும் தேசிக்காயும் விளைகிற தீவில் இரண்டையும் சேர்த்துக் குடிக்க அமெரிக்கர் ஒருவர் கப்பலேறி வரவேண்டுமா? பிரித்தானிய மாலுமிகள் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே ரம்மில் புளிப்புச் சாறு விட்டுக் குடித்தவர்கள்.

அளவு எளிது. வெள்ளை ரம் 60 மில்லிலீற்றர், தேசிக்காய்ச் சாறு 20, சீனி இரண்டு தேக்கரண்டி.

எந்த ரம் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் தேசிக்காயைத்தான் கேட்பேன். வெள்ளவத்தைச் சந்தையில் தோல் மெல்லியதாய், கையில் பாரமாய் இருப்பதைப் பொறுக்குங்கள். மேசையில் உருட்டி, வெட்டி, மெதுவாகப் பிழியுங்கள். கசக்கிப் பிழிந்தால் தோலின் கசப்பும் இறங்கிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரவுக் கூட்டத்தைச் சமாளிக்கக் காலையிலேயே ஒரு சாடி சாறு பிழிந்து வைத்தேன். அன்றிரவு ஒரு விருந்தினர் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாஸை என் பக்கமாக மெல்லத் தள்ளினார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

சீனியை முதலில் சாற்றில் கரையுங்கள். மதுவில் அது இலேசில் கரையாது. பிறகு ரம். குலுக்கத் தனிப் பாத்திரம் வாங்க வேண்டாம், மூடி இறுக்கமான ஜாம் போத்தல் போதும். ஐஸைக் கடைசி நேரத்தில் எடுத்து, போத்தலை நிரப்புங்கள். நம்முடைய வெக்கையில் ஐந்து நிமிடம் வெளியே கிடந்த ஐஸ் பாதி தண்ணீர்.

போத்தல் வியர்த்தால் போதும் என்று புத்தகங்களில் எழுதியிருக்கும். கொழும்பின் ஈரக் காற்றில் எந்தப் போத்தலும் உடனே வியர்க்கும், அதை நம்பாதீர்கள். விரல் வலிக்கும்வரை குலுக்குங்கள், பதினைந்து எண்ணும் நேரம். அப்போது உருகும் தண்ணீரும் இந்தப் பானத்தில் ஒரு பங்குதான். அது இல்லாவிட்டால் தொண்டை எரியும். தேநீர் வடியால் வடித்து, குளிர வைத்த கிளாஸில் ஊற்றி உடனே குடித்துவிட வேண்டும்.

தென்னஞ் சாராயத்தில் செய்யலாமா என்று நிலையத்துக்கு வரும் வழியில் ஓட்டோக்காரத் தம்பி கேட்டார். தாராளமாக. ஆனால் ரம் கரும்புப் பாகில் பிறந்தது, சாராயம் தென்னங் கள்ளில்; டைக்கிரி என்று சொல்லிப் பரிமாறாதீர்கள். சீனியை அரைக் கரண்டி குறைத்துப் பாருங்கள்.

நாளை போயா, பௌர்ணமி விடுமுறை. மதுக்கடைகள் பூட்டு. சாறும் சீனியும் ஐஸும் குலுக்கிப் பழகலாம்.