ஒரு நாட்டுக்கு முகம் எதற்கு?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘ஜப்பானை மனத்தில் நிறுத்துவது சின்னமா, மனித உருவமா?’ என்பது இன்றைய தலைப்பு. சின்னமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, பிரிட்டனுக்குப் பிரிட்டானியா, பிரான்சுக்கு மரியான், நமக்குப் பாரத மாதா என்று அடுக்கிவிட்டு, முகம் இல்லாத நாடு தாயில்லாப் பிள்ளை என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன், பழக்கதோஷம்.

ஆனால் 1881இல் நடந்த ஒரு வேடிக்கையை அவர் சொல்லவில்லை. அந்த ஆண்டு ஜப்பானின் ஒரு யென் நோட்டில் ஜிங்கூ பேரரசியின் முகம் அச்சானது. புராணக் காலத்து அரசி. எப்படி இருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. வரைந்தவரோ கியோசோனே என்ற இத்தாலியர், அரசாங்க அச்சகம் சம்பளம் கொடுத்து வரவழைத்த செதுக்குக் கலைஞர். அவர் கைக்குப் பழகிய முகம்தானே வரும்? பேரரசி ஐரோப்பியச் சீமாட்டியின் சாயலில் நோட்டில் வந்து உட்கார்ந்தாள்! போதாக்குறைக்கு, கொரியாவை வென்றவள் என்று கதை சொல்லப்படும் அரசி அவள். அந்த நோட்டைக் கொரியர் ஒருவர் கையில் வாங்கினால் என்ன நினைப்பார்? முகம் என்று வந்துவிட்டால் யாருடைய மூக்கு, யாருடைய பழங்கதை என்ற வழக்கும் கூடவே வந்துவிடும்.

வட்டத்துக்கு மூக்கு கிடையாது. வெள்ளைத் துணி, நடுவே சிவப்பு வட்டம், அதன் விட்டம் கொடியின் உயரத்தில் ஐந்தில் மூன்று பங்கு. அவ்வளவுதான்.

‘அந்த வட்டத்தின் பின்னால் போர் இல்லையா?’ என்று எதிரணி கேட்கும். இருக்கிறது, ஐயா. அந்தக் கொடியோடு படை நுழைந்த ஊர்களில் அதைக் கண்டு இன்றும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஜப்பானுக்குள்ளேயே பள்ளிகளில் அதை ஏற்றலாமா கூடாதா என்று பல்லாண்டு சண்டை. 1999இல்தான் அதைத் தேசியக் கொடியாக்கும் சட்டமே வந்தது. ஆனால் ஒன்று. வட்டத்தோடு சண்டை போடலாம். தாயோடு போட முடியுமா? ‘அம்மா அழைக்கிறாள்’ என்றால் மகன் துப்பாக்கியோடு கிளம்பியாக வேண்டும். 1917இல் அமெரிக்காவின் அங்கிள் சாம் சுவரொட்டியிலிருந்து விரலை நீட்டியது பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கத்தான்.

எதிரணியின் கடைசித் துருப்பு பேரரசர். அவர் மனிதர்தானே என்பார்கள். 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் முதல் பிரிவைப் படியுங்கள்: பேரரசர் நாட்டின் சின்னம் என்கிறது. மனிதரையே சின்னமாக்கிவிட்டார்கள், என் வேலையைச் சட்டமே செய்துவிட்டது. அவர் முகம் காசில்கூட இல்லை.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. ஒசாகா போய் வந்த நண்பர் தந்த ஐந்து யென் இது. நோட்டுகளில் முகங்கள் உண்டு, 2024இல் மூன்றையும் மாற்றினார்கள். இந்தக் காசின் வடிவம் மாறவில்லை. நடுவில் துளை. துளையைச் சுற்றிப் பற்சக்கரம், அது தொழில். கீழே நீர்க்கோடுகள், அது கடல். மேலே வளைந்து தலைசாய்ந்த நெற்கதிர். உழவனும் மீனவனும் ஆலைத் தொழிலாளியும் இருக்கிறார்கள், ஒருவர் முகமும் இல்லாமல். நடுவர் அவர்களே, மேசைக்கு அனுப்புகிறேன், துளை வழியாக எதிரணியைப் பாருங்கள். மணி அடித்துவிட்டது. காசைத் திருப்பித் தந்துவிடுங்கள், வணக்கம்.