பாறை யாருடையது, கோடு எங்கே போகிறது

வணக்கம், நேயர்களே.

ஒரு தீவுக்காக இரண்டு நாடுகள் முறைத்துக்கொள்கின்றன என்று செய்தி வரும்போதெல்லாம், அதற்குள் இரண்டு தகராறுகள் இருக்கும். அந்தத் தீவு, அல்லது பாறை, யாருடையது என்பது ஒன்று. கடலில் எல்லைக் கோடு எங்கே போகிறது என்பது இன்னொன்று. செய்தியில் இரண்டும் கலந்துவிடும். மேடைப் பேச்சில் கேட்கவே வேண்டாம். ஆனால் இரண்டுக்கும் சட்டம் வேறு, சான்று வேறு, தீர்க்கும் முறையும் வேறு. வானொலியில் வரைபடம் விரித்துக் காட்ட வழியில்லை. அதனால் இந்த இரண்டு கேள்விகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பாறை யாருடையது? கோடு எங்கே?

முதலில் தூரக் கணக்கு. ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். 1982-இல் ஏற்கப்பட்டு 1994-இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, கரையிலிருந்து 12 கடல் மைல் வரை பிராந்தியக் கடல் என்கிறது. கரை என்றால், கடல் வற்றி நிற்கும் நேரத்தில் தெரிகிற கரை. அந்த 12 மைலுக்குள் நிலத்தில் உள்ளதுபோலவே ஆட்சி உண்டு. பிற நாட்டுக் கப்பல்கள் தீங்கில்லாமல் கடந்துபோகலாம், அவ்வளவுதான். பிறகு 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம். அங்கே மீனும் எண்ணெயும் எரிவாயுவும் கரை நாட்டுக்கு உரியவை. ஆனால் அது ஆட்சி எல்லை அல்ல.

இப்போது எதிரெதிர்க் கரைகளை நினைத்துப் பாருங்கள். நடுவில் 400 கடல் மைலுக்குக் குறைவாக இருந்தால் இருவர் உரிமையும் ஒன்றன்மேல் ஒன்று விழும். இதில் யாரும் அத்துமீறவில்லை. சட்டமே ஒரே நீரை இருவருக்கும் தருகிறது, பிறகு பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள் என்கிறது. 'நம் கடலைப் பிடித்துக்கொண்டார்கள்' என்று கூச்சல் எழும் பல இடங்களில் உண்மை நிலை இதுதான்.

சரி, ஒரு சின்னப் பாறைக்கு ஏன் இந்தப் பாடு? கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். தனித்து நிற்கும் ஒரு பாறையைச் சுற்றி 12 மைல் வட்டம் போட்டால் ஏறத்தாழ 1,550 சதுர கிலோமீட்டர் கடல் கிடைக்கும். அதே பாறை முழுத் தீவு என்று ஏற்கப்பட்டு 200 மைல் வட்டம் கிடைத்தால் ஏறத்தாழ 4 லட்சத்து 31 ஆயிரம் சதுர கிலோமீட்டர். அது எந்த வகை என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

வகை மூன்று. நீர் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது மட்டும் தலைகாட்டுவது திட்டு. அதற்குச் சொந்தமாகக் கடல் கிடையாது. நீர் ஏறினாலும் மேலே நிற்கும், ஆனால் மனிதர் குடியிருக்கவோ தனக்கென ஒரு பொருளாதார வாழ்வு நடத்தவோ முடியாது என்றால் பாறை. அதற்கு 12 மைல். இரண்டில் ஒன்றைத் தாங்கினாலும் முழுத் தீவு, 200 மைல் வரை. கான்கிரீட் கொட்டி வளர்த்தால் வகை மாறாது, இயற்கையாக இருந்த நிலைதான் கணக்கு. தென்சீனக் கடல் வழக்கில், 2016-இல், நடுவர் மன்றம் கட்டுமானங்களுக்கு முந்தைய பழைய கடல் அளவைப் படங்களைத் தேடி எடுத்துப் படித்தது அதனால்தான். அந்தக் கடலிலுள்ள ஸ்ப்ராட்லி தீவுக் கூட்டத்தில் இயற்கையாக உருவானவற்றிலேயே பெரியதான இட்டு அபா தீவைக்கூட அது பாறை என்றே வகைப்படுத்தியது. அங்கே எது யாருடையது என்று அந்த மன்றம் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். அது வேறு கேள்வி.

நிகரகுவாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடந்த வழக்கு இன்னும் வேடிக்கை. கரீபியன் கடலில் கித்தாசுவேன்யோ என்று ஒரு பெரிய பவள மேடு. அதில் நீருக்கு மேலே நிற்பவை எத்தனை என்று சண்டை. ஓதத்தை, அதாவது கடல் ஏறி இறங்குவதை, கணிக்க ஒருவர் ஒரு கணினி மாதிரியைக் காட்டினார், மற்றவர் வேறொன்றைக் காட்டினார். ஒன்றில் மூழ்குவது மற்றொன்றில் மூழ்காது. 2012-இல் சர்வதேச நீதிமன்றம், எந்த மாதிரியில் பார்த்தாலும் மேலே நிற்பது ஒன்றே ஒன்று என்று கண்டது. அதன் அளவு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். நான்கு பேர் நெருக்கி நின்றால் நிறைந்துவிடும். அதற்கும் 12 மைல் கிடைத்தது!

இனி, பாறை யாருடையது என்ற முதல் கேள்வி. இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியை வீர வரலாறு தீர்ப்பதில்லை. பழைய வரைபடம்கூடப் பெரும்பாலும் தீர்ப்பதில்லை. அலுவலகக் கோப்பு தீர்க்கிறது. நிலத் தகராறில் யார் வரி கட்டினார், யார் வேலி போட்டார் என்று பார்ப்பதுபோல, இங்கே யார் அரசாக நடந்துகொண்டார் என்று பார்க்கிறார்கள்.

சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் பெட்ரா பிராங்கா என்று ஒரு கருங்கல் பாறை. மலேசியாவில் புலாவ் பத்து புத்தே என்பார்கள். நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர். சிங்கப்பூரிலிருந்து 24 கடல் மைல், மலேசியாவின் ஜொகூர் கரையிலிருந்து 7.7 கடல் மைல். அருகில் இருப்பவருக்கே சொந்தம் என்றால் வழக்கே இல்லை. பிரிட்டிஷார் அங்கே ஒரு கலங்கரை விளக்கம் கட்டி 1851-இல் ஏற்றினார்கள். பெயர் ஹார்ஸ்பர்க் விளக்கம். அன்றிலிருந்து அதை நடத்தி வந்தது சிங்கப்பூர்.

விளக்கு கட்டினால் பாறை சொந்தமாகிவிடுமா? ஆகாது. அடுத்தவர் நிலத்தில் அவர் சம்மதத்தோடு விளக்கு நடத்துவது உலகில் நடப்பதுதான். அப்படியானால் எது தீர்த்தது? ஒரு கடிதம். 1953 ஜூன் மாதம் சிங்கப்பூர் காலனிச் செயலகம், பிராந்தியக் கடலின் எல்லையை வரையறுக்க வேண்டியிருக்கிறது, இந்தப் பாறையின் நிலை என்ன என்று ஜொகூர் தரப்பைக் கேட்டது. செப்டம்பரில் ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் பதில் எழுதினார்: பெட்ரா பிராங்காவின் உரிமையை ஜொகூர் அரசு கோரவில்லை. ஒரே வரி. அப்படி எழுத அவருக்கு அதிகாரமே இல்லை என்று அரை நூற்றாண்டு கழித்து மலேசியா வாதாடியது. சர்வதேச நீதிமன்றம் ஏற்கவில்லை.

கடிதம் மட்டுமல்ல, அதற்குப் பிறகு நடந்ததையும் பார்த்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கப்பல் தரைதட்டினால் விசாரித்தது சிங்கப்பூர். மலேசிய அதிகாரிகள் அளவைப் பணிக்குப் பாறைக்குப் போக விரும்பியபோது சிங்கப்பூரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 1962 முதல் 1975 வரை மலாயாவும் மலேசியாவும் வெளியிட்ட சில படங்களில் பாறையின் பெயருக்குக் கீழே 'சிங்கப்பூர்' என்றே அச்சாகியிருந்தது. எல்லாவற்றையும்விடக் கொடியின் கதைதான் சுவை. புலாவ் பீசாங் என்று இன்னொரு தீவு. அது ஜொகூருடையது, அங்கேயும் சிங்கப்பூர் ஒரு விளக்கம் நடத்துகிறது. 1968-இல் அங்கே பறந்த சிங்கப்பூர்க் கொடியை இறக்கச் சொன்னது மலேசியா, சிங்கப்பூரும் இறக்கியது. பெட்ரா பிராங்காவிலும் அதே கொடி பறந்தது, யாரும் இறக்கச் சொல்லவில்லை. அந்த மௌனம் தீர்ப்பில் இடம்பெற்றது.

2008 மே மாதம், 12-க்கு 4 என்ற கணக்கில், பாறை முதலில் ஜொகூருடையதுதான், ஆனால் 1980-க்குள் சிங்கப்பூருக்குக் கைமாறிவிட்டது என்று தீர்ப்பு. அருகிலேயே இருக்கும் மிடில் ராக்ஸ் பாறைகளில் இப்படி எதுவும் நடக்காததால் அவை மலேசியாவுக்கு. மூன்றாவதான சவுத் லெட்ஜ் வெறும் திட்டு. அது எந்த நாட்டின் பிராந்தியக் கடலில் விழுகிறதோ அந்த நாட்டுக்கு என்று விட்டுவிட்டார்கள். யார் கடலில் விழுகிறது? கோடு போட்டால்தான் தெரியும். கோடு போடும்படி நீதிமன்றத்தை யாரும் கேட்கவில்லை. பார்த்தீர்களா, முதல் கேள்விக்கு விடை வந்தும் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது.

1980 என்று சொன்னேனே, அதற்குத் தகராறு முற்றிய நாள் என்று பொருள். மலேசியா 1979 டிசம்பரில் வெளியிட்ட வரைபடத்துக்குச் சிங்கப்பூர் 1980 பிப்ரவரியில் எதிர்ப்புத் தெரிவித்தது. அதற்குப் பிறகு தன் கோரிக்கையை வலுப்படுத்துவதற்கென்று ஒரு நாடு செய்வது எதுவும் எடைக்கு வராது. இன்று தகராறில் உள்ள பாறையில் அவசரமாகக் கொடி நட்டுப் படம் எடுப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். போர்னியோவுக்கு அருகே லிகித்தான், சிபாடன் என்று இரண்டு குட்டித் தீவுகள். இந்தோனேசியாவும் மலேசியாவும் கோரின. 1891-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ்–டச்சு உடன்படிக்கைக் கோடு, பழைய சுல்தான்களின் உரிமை என்றெல்லாம் வாதம் போயிற்று. 2002-இல் மலேசியா பக்கம் தராசைச் சாய்த்தது எது தெரியுமா? ஆமை முட்டை. முட்டை பொறுக்குவதற்கு, மலேசியாவுக்கு முன் அங்கே ஆண்ட பிரிட்டிஷ் வட போர்னியோ நிர்வாகம் 1917-இல் போட்ட சட்டம், யார் பொறுக்கலாம் என்ற தகராறுகளைத் தீர்த்த பதிவுகள். அத்துடன் 1933-இல் சிபாடனைப் பறவைக் காப்பிடமாக அறிவித்தது, 1960-களில் இரண்டு தீவுகளிலும் கட்டிய விளக்கங்கள். தங்கள் மீனவர்கள் வழிவழியாக அங்கே போய்வந்தார்கள் என்றது இந்தோனேசியா. உண்மைதான், ஆனால் அரசின் ஆணையோ அதிகாரமோ இல்லாமல் தனி மனிதர் பிழைப்புக்காகச் செய்தது அரசின் செயல் ஆகாது என்றார்கள்.

கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் மீனவர் வழக்கத்துக்கு மதிப்பே இல்லை என்று பொருளல்ல. அதன் இடம் வேறு. 1974-இல் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் கோடு போட்ட உடன்படிக்கையிலேயே, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போல் கச்சத்தீவுக்குப் போய்வர ஒரு பிரிவு தனியாக இருக்கிறது. மீன்பிடிப்பைப் பற்றிய கடிதங்கள் 1976-இல் தனியாகப் பரிமாறப்பட்டன. கோடு வேறு, போய்வருவது வேறு, மீன்பிடிப்பது வேறு. மூன்றையும் ஒன்றாக்கிப் பேசுவதால் ஒன்றும் தீர்வதில்லை.

இனி இரண்டாவது கேள்வி, கோடு. பொருளாதார மண்டலத்துக்கும் கடற்படுகைக்கும் கோடு போட இப்போது மூன்று படி. முதல் படி, இரு கரைகளிலும் அடிப்புள்ளிகளை, அதாவது தூரத்தை அளக்கத் தொடங்கும் புள்ளிகளை, தேர்ந்து, சமதூரக் கோடு வரைவது. அந்தக் கோட்டின் மேல் எங்கே படகை நிறுத்தினாலும் இரு பக்கத்திலும் மிக அருகிலுள்ள கரை ஒரே தூரத்தில் இருக்கும். இரண்டாம் படி, அது நியாயமில்லாமல் விழுந்தால் நகர்த்துவது. மூன்றாம் படி, கரைகளின் நீளத்துக்கும் கிடைத்த கடலுக்கும் மிகையான முரண் இருக்கிறதா என்று சரிபார்ப்பது.

சச்சரவு முதல் படியிலேயே தொடங்கிவிடும். அடிப்புள்ளி ஒன்றைத் தள்ளி வைத்தால் கோடே சாய்ந்துவிடும். கருங்கடலில் ருமேனியா–உக்ரைன் வழக்கில், 2009-இல், உக்ரைனின் பாம்புத் தீவை அடிப்புள்ளியாக ஏற்கவில்லை. அதற்கு 12 மைல் வில் மட்டும். ருமேனியா கடலுக்குள் நீட்டிய சுலினா அணைச் சுவரின் கடல்முனையையும் ஏற்கவில்லை. சுவர் தொடங்கும் நிலமுனையைத்தான் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு குட்டு.

இரண்டாம் படிக்கு வங்காள விரிகுடா நல்ல உதாரணம். வங்கதேசத்தின் கரை உள்வாங்கி வளைந்தது. இந்தியாவும் மியன்மாரும் இரு பக்கமும். சமதூரமாகப் போட்டால் இரண்டு கோடுகளும் முன்னால் நெருங்கி அதன் வழியை அடைத்துவிடும். அதனால் மியன்மார் பக்கக் கோட்டை 2012-இலும் இந்தியப் பக்கக் கோட்டை 2014-இலும் திருப்பினார்கள். 1970 புயலுக்குப் பின் தலைகாட்டிய நியூ மூர் திட்டு, வங்கதேசம் தெற்கு தால்பட்டி என்பது, பல ஆண்டு அரசியலைக் கிளப்பிவிட்டுக் கடலுக்குள் போய்விட்டது. 2014-இல் தீர்ப்பளித்த நடுவர் மன்றம் அதில் அடிப்புள்ளி வைக்கவில்லை.

அந்தத் தீர்ப்பில் சாம்பல் பகுதி என்று ஒன்று உண்டு. கடற்படுகை ஒரு நாட்டுக்கு, மேலே உள்ள நீர் இன்னொரு நாட்டுக்கு... அதை விளக்க இப்போது முடியாது. கடிகாரத்தைக் காட்டுகிறார்கள்.

பழைய உடன்படிக்கைகளில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுதிவிட்டு, அவை எந்த அளவை ஆதாரத்தில், அதாவது பூமியை எந்தக் கணக்கில் அளந்து, எடுத்தவை என்று எழுதாமல் விட்டுவிடுவார்கள். இன்றைய செயற்கைக்கோள் கருவியில் அதே எண்களை இட்டால் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழலாம். இரண்டு ரோந்துப் படகுகளும் தங்கள் பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று சத்தியம் செய்யும், இரண்டும் உண்மையாகவே சொல்லும். இதையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன்.

கோடே போடாமல் வாழ்வதைப் பற்றி ஒரு நிமிடம். தாய்லாந்து வளைகுடாவில் கோ லோசின் என்று ஒரு பாறை, மேலே ஒரு விளக்கம், அவ்வளவுதான். அதை அடிப்புள்ளி என்றது தாய்லாந்து, மலேசியா மறுத்தது. இடையில் 7,250 சதுர கிலோமீட்டர். 1979-இல் எல்லைக் கேள்வியை ஐம்பது ஆண்டுகளுக்கு ஓரம் வைத்துவிட்டு, அடியில் உள்ளதைச் சரிபாதியாகப் பங்கிட ஒப்பந்தம் போட்டார்கள். எரிவாயு வருகிறது. செங்கடலில் எரித்திரியா–ஏமன் வழக்கில் 1998-இல் தீவுகளைப் பிரித்துக் கொடுத்த நடுவர் மன்றம், இரு கரை மீனவர்களின் பழைய மீன்பிடி முறை அப்படியே தொடர வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு கோடு போட்டபோதும், அந்த உரிமை கோட்டுக்குக் கட்டுப்பட்டதல்ல என்று தெளிவாக்கியது. நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.