தீபாவளி வாழ்த்து சொன்னால் ஈமான் (இறைநம்பிக்கை) போய்விடுமா? ஒரு கிண்ணம் இனிப்பும் ஓர் எழுத்தும்

(திரையில்: கைப்பேசியில் ‘இனிய தீபாவளி நல்வா’ வரை தட்டச்சு ஆகிறது. விரல் நிற்கிறது. எழுத்துகள் ஒவ்வொன்றாக அழிகின்றன.)

இந்த விரல் உங்களுடையதா? இருக்கலாம். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் முப்பது பேர் வாழ்த்து போட்டுவிட்டார்கள். நீங்கள் ஒரு முஸ்லிம். போட்டால் மார்க்கத்தில் குற்றமாகுமா? போடாவிட்டால் பக்கத்து மேசைக்காரர் என்ன நினைப்பார்? கடைசியில் ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்வீர்கள்.

இந்தத் தயக்கம் வாட்ஸ்அப்போடு பிறந்தது இல்லை. சுமார் 1,350 வருடங்களுக்கு முன்னால், பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் அன்று, நான்காம் கலீஃபா அலி (ரலி) அவர்களுக்கு ஓர் அன்பளிப்பு வருகிறது. பதில் சொல்லும்போது அவர் ஒரே ஓர் எழுத்தை மாற்றிவிட்டார் என்கிறது ஓர் அறிவிப்பு. என்ன எழுத்து? நடுவில் சொல்கிறேன். வீடியோவை ஓட்டிவிட்டுப் பார்ப்பவர்களை எனக்குத் தெரியும், வேண்டாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆலிம், அதாவது மார்க்க அறிஞர் இல்லை, ஃபத்வா எனும் மார்க்கத் தீர்ப்புக் கொடுக்க வரவில்லை. யார் என்ன சொன்னார்கள், எதனால் சொன்னார்கள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். என் கருத்தும் இடையிடையே எட்டிப் பார்க்கும், அதை அடக்க முடியாது.

சரி, பின்னணியை வேகமாக முடித்துவிடுவோம். ‘கூடும்’ என்பவர்கள் கையில் எடுக்கும் ஆயத், அதாவது குர்ஆன் வசனம், 60:8. மார்க்க விஷயத்தில் உங்களோடு போரிடாத, உங்களை வீடுகளிலிருந்து வெளியேற்றாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதியோடு நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை. கூடவே 4:86: உங்களுக்கு ஒருவர் வாழ்த்துச் சொன்னால் அதைவிடச் சிறப்பாகவோ, குறைந்தது அதே அளவிலோ திருப்பிச் சொல்லுங்கள். ‘கூடாது’ என்பவர்கள் எடுப்பது 39:7: தன் அடியார்களிடம் இறைமறுப்பை அல்லாஹ் பொருந்திக்கொள்வதில்லை. அவன் பொருந்திக்கொள்ளாத ஒன்றுக்கு நாம் எப்படி வாழ்த்துச் சொல்வது என்பது அவர்கள் கேள்வி.

கவனித்தீர்களா? ‘பிற மதப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்’ என்றோ ‘சொல்லாதே’ என்றோ நேரடியாக ஓர் ஆயத்தும் இல்லை. அதனால்தான் இத்தனை பேச்சு.

(திரையில்: டமாஸ்கஸ் நகரத்தின் பழைய ஓவியம்.)

கூடாது என்பவர்கள் அதிகம் மேற்கோள் காட்டும் பெயர் இப்னுல் கய்யிம். 1292 முதல் 1350 வரை வாழ்ந்தவர், டமாஸ்கஸ்காரர், இப்னு தைமிய்யாவின் மாணவர். வேற்று மதத்தாரின் வழிபாட்டுச் சடங்குகளுக்கு, பண்டிகைகளுக்கு வாழ்த்துச் சொல்வது அறிஞர்களின் ஒருமித்த கருத்தின்படி ஹராம், அதாவது தடுக்கப்பட்டது, என்று எழுதினார். சிலுவைக்குத் தரையில் தலை வைத்து சஜ்தா செய்தவரைப் பார்த்து ‘வாழ்த்துகள்’ என்பதைப் போன்றது அது என்றார். கடுமைதான். ஆனால் யாரும் படித்துக் காட்டாத முந்தைய வரிகளைப் பாருங்கள். அங்கே கல்யாணம், குழந்தைப் பேறு, ஊருக்குப் போனவர் திரும்பி வருவது, நோய் குணமாவது ஆகியவற்றுக்கு வேற்று மதத்தாருக்கு வாழ்த்துச் சொல்லலாமா என்று பேசுகிறார். அதில் அவருடைய ஹன்பலி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) இமாமான அஹ்மதிடமிருந்து இரண்டு விதமான அறிவிப்புகள் உண்டு என்று சொல்லிக் கதவைத் திறந்தே வைக்கிறார். ஆக, அவருக்குப் பிரச்சினை வாழ்த்து இல்லை. அந்த வாழ்த்து எதன்மேல் போய் விழுகிறது என்பதுதான்.

இன்னொன்று, அவர் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்புதான் சிலுவைப் போர்க்காரர்களின் கடைசிப் பெரிய கோட்டையான அக்கா (ஆங்கிலத்தில் ஏக்கர்) நகரம் விழுந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது மங்கோலியப் படை டமாஸ்கஸுக்குள் வந்தது. அப்படிப்பட்ட ஊரில் எதிர்மதத்தார் என்ற சொல்லுக்கு இருந்த பொருள் வேறு. இதைத்தான் நம் காலத்து எகிப்திய அறிஞர் யூசுஃப் அல்-கர்ளாவி பிடித்துக்கொண்டார். காலமும் உறவும் மாறிவிட்டன, அண்டை வீட்டார், உடன் படிப்பவர், உடன் வேலை செய்பவர் என்று இருப்பவர்களுக்கு வாழ்த்துச் சொல்லலாம் என்றார். அவர் தலைமையில் 1997-ல் தொடங்கிய ஐரோப்பிய ஃபத்வா கவுன்சிலும் அதையே ஒரு நிபந்தனையோடு சொன்னது: வாழ்த்தின் வாசகத்தில் அவர்களுடைய கொள்கையை ஏற்பதாக எதுவும் இருக்கக் கூடாது. எகிப்தின் அரசு ஃபத்வா அமைப்பான தாருல் இஃப்தாவும் கிறிஸ்தவர்களுக்குப் பண்டிகை வாழ்த்துச் சொல்லலாம் என்கிறது. சவூதி அறிஞர் இப்னு உஸைமீன், இப்னுல் கய்யிமை அடியொற்றி, ஹராம் என்றார். இவ்வளவுதான் தரப்புகள்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். தேநீர் எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நீளும்.

இந்தச் சண்டை ஏன் சில வருடங்களில் மட்டும் திடீரென்று சூடு பிடிக்கிறது? பதில் கிதாபில் இல்லை, வானத்தில் இருக்கிறது.

(திரையில்: நிலா தேய்ந்து, மறைந்து, பிறையாக மீண்டும் வருகிறது.)

இஸ்லாமிய வருடத்துக்கு 354 அல்லது 355 நாட்கள். சூரிய வருடத்தைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. நம் பஞ்சாங்கத்திலும் சீன நாட்காட்டியிலும் இந்த இடைவெளியைச் சரிக்கட்ட, சில வருடங்களுக்கு ஒருமுறை அதிக மாதம் ஒன்றைச் சேர்ப்பார்கள். இஸ்லாத்தில் அப்படிச் சேர்க்கக் கூடாது. அதனால் நோன்புப் பெருநாள் வருடத்துக்கு 11 நாள் பின்னோக்கி நடந்துகொண்டே இருக்கும். வெயிலில் ஒரு காலம், மழையில் ஒரு காலம். ஒரு முழுச் சுற்றுக்கு 32, 33 வருடம் ஆகும். போகிற வழியில் அது எல்லார் வீட்டுப் பண்டிகையையும் ஒருமுறை தட்டிவிட்டுப் போகும்!

இதில் ஓர் அழகு இருக்கிறது. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது. நரக சதுர்த்தசி என்றால் அமாவாசைக்கு முந்தைய திதி. சீனப் புத்தாண்டு அமாவாசை நாளிலேயே வருவது. பெருநாளோ அமாவாசை கழிந்து முதல் பிறை தெரிந்தால்தான். ஆக, இவை ஒரே மாதத்தில் வந்துவிட்டால் பத்து நாள், பதினைந்து நாள் இடைவெளி என்ற பேச்சே இல்லை. இரண்டு மூன்று நாளுக்குள் அடுத்தடுத்து வந்து நிற்கும். ஒருவர் நிலா மறையக் காத்திருக்கிறார், இன்னொருவர் அதே நிலா திரும்பி வரக் காத்திருக்கிறார். இதைப் படித்த அன்று ராத்திரி மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பார்த்து மேகம்.

மலேசியாவுக்கு வாருங்கள். 1996, 1997, 1998, மூன்று வருடமும் சீனப் புத்தாண்டும் ஹரி ராயாவும் (நோன்புப் பெருநாளுக்கு அங்கே அதுதான் பெயர்) ஒட்டி வந்தன. பிறந்தது ‘கொங்சி ராயா’. சீனத்தில் ‘கொங் ஸி’ என்பது வாழ்த்து, மலாயில் ‘கொங்சி’ என்றால் பகிர்ந்துகொள்வது. இரண்டு மொழியிலும் பொருள் தரும் சிலேடை, நம் ஊர்ப் புலவர் யாராவது கேட்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார். அடுத்து, 2005-ல் தீபாவளி நவம்பர் 1, ஹரி ராயா நவம்பர் 3. 2006-ல் அக்டோபர் 21, அக்டோபர் 24. அங்கே தமிழர் வீட்டு முறுக்கும் மலாய்க்காரர் வீட்டு ரெண்டாங் இறைச்சிக் கறியும் ஒரே விடுமுறையில் கூடி ‘டீப்பா ராயா’ என்ற சொல் பரவியது. திறந்த இல்ல உபசரிப்பு என்று சொல்வார்கள், வீட்டுக் கதவைத் திறந்து வைத்தால் யாரும் வந்து சாப்பிடலாம்.

உடனே எதிர்ப்பும் வந்தது. 2006-ல் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கூடிய உலமாக்கள் (ஆலிம்கள்), கொங்சி ராயா, டீப்பா ராயா போன்ற கூட்டுக் கொண்டாட்டங்கள் ஈமானைக் கரைத்துவிடும் என்று எச்சரித்தார்கள். ஃபத்வா கொடுக்கும் பொறுப்பிலிருந்த மாநில முப்தி ஹருசானி ஸக்கரியா இதில் உறுதியாக நின்றார். ஆனாலும் திறந்த இல்ல உபசரிப்பு நின்றுவிடவில்லை.

இந்தோனேசியாவில் இதே நிலாதான் கிறிஸ்துமஸோடு மோதியது. 1968-ல் ஒரே வருடத்தில் இரண்டு நோன்புப் பெருநாள்: ஜனவரி தொடக்கத்தில் ஒன்று, டிசம்பர் 21 வாக்கில் ஒன்று. அலுவலகங்களில் ‘ஒரே செலவில் இரண்டையும் கொண்டாடிவிடுவோம்’ என்று கூட்டு விழா நடத்தத் தொடங்கினார்கள். முஸ்லிம் ஊழியர் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் வழிபாட்டைக் கேட்க வேண்டும், கிறிஸ்தவ ஊழியர் உட்கார்ந்து குர்ஆன் ஓதுவதைக் கேட்க வேண்டும். இது சகிப்புத்தன்மை இல்லை, இரண்டு பேருக்கும் சங்கடம் என்று எழுதியவர் ஹம்கா. பெரிய ஆலிம், நாவலாசிரியரும்கூட. நேர்மையாகச் சொன்னால், இந்த ஒரு விஷயத்தில் நான் ஹம்கா கட்சி. மேலாளர் கட்டாயப்படுத்தி நடத்துகிற நல்லிணக்கம் எனக்கும் ஆகாது.

பிறகு ஹம்கா இந்தோனேசிய உலமா கவுன்சிலின் தலைவரானார். 1981 மார்ச் 7 அன்று அந்தக் கவுன்சில் ஒரு ஃபத்வா கொடுத்தது: கிறிஸ்துமஸ் கூட்டு விழாவில் முஸ்லிம்கள் கலந்துகொள்வது ஹராம். அரசுக்குக் கோபம். ஃபத்வா சுற்றுக்குப் போவதை நிறுத்தச் சொன்னார்கள். ஹம்கா மே மாதம் பதவியைத் தூக்கிப் போட்டார், ஜூலையில் காலமானார்.

இப்போது திருப்பம். ‘ஹம்காவே கிறிஸ்துமஸ் வாழ்த்தை ஹராம் ஆக்கிவிட்டார்’ என்று ஒவ்வொரு டிசம்பரிலும் அங்கே ஒரு பேச்சு கிளம்பும். அந்த ஃபத்வா பேசியது விழாவில் கலந்துகொள்வதைப் பற்றி. வாழ்த்தைப் பற்றி இல்லை! 2016-ல் கடை ஊழியர்கள் கிறிஸ்துமஸ் தாத்தா தொப்பி போடுவது கூடாது என்று இன்னொரு ஃபத்வா வந்தது. அப்போது கவுன்சில் தலைவர் மஃரூஃப் அமீன். இரண்டு வருடம் கழித்து, துணை அதிபர் வேட்பாளராக நின்றபோது, அவரே வீடியோவில் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொன்னார். கேட்டதற்கு, வாழ்த்தைத் தடுத்து கவுன்சில் ஃபத்வா எதுவும் கொடுக்கவில்லையே என்றார். அவர் சொன்னது சரிதான். தேர்தல் நேரத்தில் நினைவாற்றல் கூர்மையாவதும் மனித இயல்புதான்.

அதே நாட்டின் தஃப்ஸீர் (குர்ஆன் விளக்கவுரை) அறிஞர் குரைஷ் ஷிஹாப் வேறு வழியில் வந்தார். குர்ஆன் 19:33-ல் ஈஸா நபி, அதாவது இயேசு, தொட்டிலிலிருந்து பேசுகிறார்: ‘நான் பிறந்த நாளில் என் மீது ஸலாம்.’ பிறந்த நாளுக்கு ஸலாம் குர்ஆனிலேயே இருக்கிறதே என்கிறார் அவர். எதிர்த்தரப்பும் விடவில்லை: ஸலாம் இருக்கிறது, டிசம்பர் 25 எங்கே இருக்கிறது? நல்ல கேள்வி, நல்ல பதில், யாருக்கும் மதிப்பெண் குறைக்க மனம் வரவில்லை.

2000-த்திலும் அங்கே இரண்டு நோன்புப் பெருநாள் வந்தது. டிசம்பர் 24 இரவு, பெருநாளுக்கு மூன்று நாள் முன்னால், பல ஊர்களில் தேவாலயங்களுக்குக் குண்டு வைத்தார்கள். மோஜோகெர்த்தோ என்ற ஊரில் தேவாலயத்துக்குக் காவல் நின்ற ரியாந்தோ, 25 வயது முஸ்லிம் இளைஞர், குண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். அது அவர் கையிலேயே வெடித்தது.

(மூன்று வினாடி அமைதி.)

சரி, அந்த ஓர் எழுத்து. கடன் வைத்துக்கொள்ள மாட்டேன்.

ஹனஃபி மத்ஹபின் இமாமான அபூ ஹனீஃபாவின் குடும்பம் பாரசீக வம்சாவளி. அவருடைய பாட்டனார் நவ்ரூஸ் நாளில் அலி (ரலி) அவர்களுக்கு ஃபாலூதஜ் கொடுத்தார் என்று ஓர் அறிவிப்பு. கோதுமை, தேன், நெய் சேர்த்த இனிப்பு. நாம் கண்ணாடிக் கோப்பையில் வாங்கிச் சாப்பிடும் ஃபலூடாவின் பெயரும் அதே பாரசீக வேரிலிருந்து வந்ததுதான். அலி (ரலி) சொன்னது: ‘நமக்கு ஒவ்வொரு நாளும் நவ்ரூஸ்தான்.’ ஹதீஸ் தொகுப்பாளர் பைஹகீ பதிவு செய்த இன்னொரு அறிவிப்பில், ‘ஒவ்வொரு நாளையும் ஃபைரூஸ் ஆக்குங்கள்’ என்கிறார். நவ்ரூஸை அரபியில் நைரூஸ் என்பார்கள்; அவர் சொன்னது நைரூஸ் இல்லை, ஃபைரூஸ். அறிவிப்பாளர் அபூ உஸாமா விளக்குகிறார்: அந்தப் பண்டிகையின் பெயரைத் தன் வாயால் சொல்ல அவர் விரும்பவில்லை.

பார்த்தீர்களா? அன்பளிப்பை ஏற்றாரே என்று ஒரு தரப்பு. பெயரைக்கூடச் சொல்லவில்லையே என்று மறு தரப்பு. எனக்குத் தோன்றுவது வேறு. கொடுத்த மனிதரின் முகம் வாடவில்லை, தன் எல்லையையும் அவர் தாண்டவில்லை. இரண்டையும் ஓர் எழுத்தில் முடித்துவிட்டார். கருத்து வேறுபடுபவர்கள் கீழே எழுதுங்கள், திட்டாமல் எழுதினால் பதில் போடுகிறேன்.

நம் ஊர் விஷயத்தை விட்டுவிடக் கூடாது. பொங்கல் அறுவடையா, சூரிய வழிபாடா? இந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்கிறார்கள் என்பதை வைத்தே நம் ஆலிம்கள் கூடும், கூடாது என்று பிரிகிறார்கள்.

என் அத்தா ஐந்து வேளைத் தொழுகையாளி. ‘தீபாவளி வாழ்த்துகள்’ என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. தீபாவளிக் காலையில் எங்கள் பக்கத்து வீட்டில் வருகிறவர்கள் எல்லோரும் ‘கங்கா ஸ்நானம் ஆச்சா?’ என்று கேட்பார்கள். அத்தா திண்ணையில் நின்றபடி எட்டிப் பார்த்து, ‘என்ன மாப்ள, பலகாரம் ஆச்சா?’ என்பார். உள்ளிருந்து ஒரு தூக்குவாளி வரும். பொங்கலன்று அது ‘பால் பொங்கிச்சா?’ ஆகிவிடும்.

பெருநாள் பிறை பார்க்கும் ராத்திரி, அந்த வீட்டு மாமா ஈத் முபாரக் எல்லாம் சொல்ல மாட்டார். மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு அவர் கேட்பது ஒன்றுதான்: ‘பாய், பிறை தெரிஞ்சுதா, இல்ல பிரியாணி ஒரு நாள் தள்ளிப் போச்சா?’