சிபில் ஸ்கோர் அடிவாங்குன பிறகு ட்ராவல் கார்டு: எதை எடுக்கணும், எதை விடணும்

(ஸ்க்ரீன்ல: ஏர்போர்ட் லவுஞ்ச் போட்டோ, அது மேல சிவப்பு எழுத்துல "ரிஜெக்டட்")

வணக்கம் மக்களே. லவுஞ்ச் ஃப்ரீ, ஃப்ளைட் டிக்கெட் ஃப்ரீன்னு ரீல்ஸ்ல ஒருத்தர் சொல்றாரு, நீங்களும் ஆசைப்பட்டு அந்த ட்ராவல் கிரெடிட் கார்டுக்கு அப்ளை பண்றீங்க, ரிஜெக்ட்னு எஸ்எம்எஸ் வருது, சரி இந்த பேங்க் இல்லன்னா அந்த பேங்க்னு அடுத்தடுத்து போடுறீங்க. அங்கதான் சிக்கலே. நீங்க போடுற ஒவ்வொரு அப்ளிகேஷனும் உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல, அதாவது நீங்க கடனை எப்படிக் கட்டுனீங்கன்னு காட்டுற ரிப்போர்ட்ல, என்கொயரின்னு ஏறும், வரிசையா நாலு என்கொயரி இருந்தா அஞ்சாவது பேங்க்காரன் "இவருக்கு ஏதோ அவசரப் பணமுடை"ன்னு நினைச்சுக்குவான். அதனால மொதல்ல அப்ளை பண்றதை நிறுத்துங்க.

அடுத்து ரிப்போர்ட்டை எடுங்க. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், க்ரிஃப் ஹைமார்க்னு நம்ம நாட்ல இந்த ரிப்போர்ட்டைத் தயார் பண்ற நாலு கம்பெனி இருக்கு, நாலு பேரும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை ஃப்ரீயா தரணும்ங்கிறது ஆர்பிஐ ரூல். ஸ்கோர் 300ல இருந்து 900 வரைக்கும் போகும், 750க்கு மேல இருந்தா பேங்க் கொஞ்சம் சிரிச்ச முகமா பேசும். ஆனா அந்த நம்பரை மட்டும் பாத்துட்டு மூடிறாதீங்க, கீழ ஒவ்வொரு லோனுக்கும் மாசம் போட்டு கட்டம் கட்டமா இருக்கும்.

(ஸ்க்ரீன்ல: ரிப்போர்ட்ல அந்தக் கட்டத்தை மட்டும் பெருசாக்கிக் காட்டணும்)

இதுல 000ன்னு இருந்தா அந்த மாசம் ஒழுங்கா கட்டியிருக்கீங்க. 030, 060ன்னு இருந்தா அத்தனை நாள் லேட்டு. அதைவிட மோசமானது "செட்டில்டு". கலெக்ஷன் ஏஜென்ட் ஃபோன் பண்ணி "பாதிய கட்டுங்க சார், முடிச்சு விட்டுர்றோம்"னு சொன்னப்ப சந்தோஷமா கட்டியிருப்போம்ல, அதுதான் இது, பேங்க் கணக்குல நீங்க முழுசா கட்டாத ஆளு. முடிஞ்சா மீதியைக் கட்டி, பாக்கி எதுவும் இல்லைங்கிற நோ ட்யூ சர்டிஃபிகேட் வாங்கி, "க்ளோஸ்டு"னு மாத்தச் சொல்லுங்க. ரிப்போர்ட்ல தப்பா ஏதாவது இருந்து புகார் கொடுத்தா 30 நாளுக்குள்ள தீர்க்கணும், தாண்டுனா நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தரணும், இதுவும் ஆர்பிஐ ரூல்தான், நிறைய பேருக்குத் தெரியாது.

சரி, கார்டுக்கு வருவோம். இந்த நிலைமையில நம்பிப் போகக்கூடிய வழி எஃப்டி, அதாவது ஃபிக்சட் டெபாசிட் மேல குடுக்குற கிரெடிட் கார்டு. பேங்க்ல ஒரு தொகைய டெபாசிட் போடுறீங்க, அது மேல லீன், அதாவது நீங்க எடுக்க முடியாதபடி ஒரு பிடி, போட்டுட்டு அதுல ஒரு பங்கை, இல்ல சில இடத்துல முழுசாவே, லிமிட்டா தருவாங்க. டெபாசிட்டுக்கு வட்டி வழக்கம்போல வந்துட்டே இருக்கும். பேங்க்குக்கு ரிஸ்க் இல்லாததால ஸ்கோரை ரொம்ப நோண்ட மாட்டாங்க, ஆனா நீங்க கட்டுறது மட்டும் மத்த கார்டு மாதிரியே சிபிலுக்குப் போகும். 2025 ஜனவரியில இருந்து குறைஞ்சது 15 நாளைக்கு ஒரு தடவையாவது பேங்க் டேட்டா அனுப்பணும்னு ஆயிருச்சு, அதனால நல்லது கெட்டது ரெண்டுமே சீக்கிரம் தெரிஞ்சிரும்.

இப்ப "ட்ராவல் பாயின்ட் அதிகமா தர்ற எஃப்டி கார்டு எது ப்ரோ?"ன்னு கேப்பீங்க. கணக்கு போட்டுப் பாப்போம், பேனா எடுங்க. லிமிட் 40,000 ரூபாய்னு வைங்க. ஸ்கோர் ஏறணும்னா லிமிட்ல 30 சதவீதத்துக்குள்ள செலவை வச்சுக்கிறது நல்லது, அதாவது மாசம் 12,000. நூறு ரூபாய்க்கு ரெண்டு பாயின்ட், ஒரு பாயின்ட் 25 காசுன்னா, மாசம் 60 ரூபாய் வருது. வருஷத்துக்கு 720. கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 500, ஜிஎஸ்டியோட 590. மிச்சம் 130 ரூபாய், அதுலயும் பாயின்ட்டை மாத்துறதுக்கு 99 ரூபாய் சார்ஜ்னு சில கார்டுல உண்டு. பெட்ரோல், வாடகை, வாலட் லோடுக்கெல்லாம் நிறைய கார்டுல பாயின்ட்டே கிடையாது. லவுஞ்சும் அப்படித்தான், போன மூணு மாசத்துல இவ்வளவு செலவு பண்ணியிருந்தாதான் உள்ள விடுவோம்னு பல பேங்க் கண்டிஷன் போட்டாச்சு, அந்தத் தொகை உங்க லிமிட்டுக்கு மேலயே இருக்கலாம். 130 ரூபாய்க்கா இவ்ளோ ஆராய்ச்சி?

என்னைக் கேட்டா இந்தக் கட்டத்துல பாயின்ட்டை மறந்துட்டு ரெண்டே விஷயம் பாருங்க, ஆண்டுக் கட்டணம் இருக்கக்கூடாது, ஃபாரெக்ஸ் மார்க்கப் இருக்கக்கூடாது. மார்க்கப்னா வெளிநாட்டுல தேய்க்கும்போது பேங்க் மேல வைக்கிற சார்ஜ், சாதாரண கார்டுல பொதுவா 3.5 சதவீதம். கோலாலம்பூர் போய் 60,000 ரூபாய்க்கு செலவு பண்ணீங்கன்னா மார்க்கப் 2,100, அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 378, ஆக 2,478 ரூபாய் சத்தமே இல்லாம போயிரும். ஸ்டேட்மென்ட்ல தனி வரியா வரும், யாரும் பாக்குறதே இல்ல. லிமிட் 40,000தானேன்னு யோசிக்காதீங்க, நடுவுல கட்டிட்டுத் திரும்ப யூஸ் பண்ணலாம். மூணரை வருஷம் சேத்தாதான் அந்தளவுக்கு பாயின்ட் வரும், இங்க ஒரே ட்ரிப்ல மிச்சம். எஃப்டி கார்டுல மார்க்கப் இல்லாததுன்னா ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வாவ் கார்டு அதுக்குன்னே பேரு வாங்குனது, ஆனா பேங்க்குங்க கண்டிஷனை அடிக்கடி மாத்துவாங்க, டெபாசிட் போடுறதுக்கு முன்னாடி அவங்க சைட்ல எம்ஐடிசிங்கிற, அதாவது முக்கியமான கண்டிஷன் எல்லாம் இருக்குற பேப்பரைத் திறந்து கட்டணம், மார்க்கப் ரெண்டு வரியை மட்டுமாவது படிங்க. வெளிநாடே போகலைன்னா ஆண்டுக் கட்டணம் இல்லாத எந்த எஃப்டி கார்டும் போதும்.

(ஸ்க்ரீன்ல: ஸ்டேட்மென்ட்ல "மினிமம் ட்யூ" வரி, சுத்தி வட்டம்)

மினிமம் ட்யூன்னு இந்த வரி இருக்கு பாருங்க, குறைஞ்சபட்சமா கட்டச் சொல்ற தொகை, இதை மட்டும் கட்டுனா லேட் ஃபீஸ் வராது, ஆனா வட்டி ஓடும். மாசம் 3.75 சதவீதம்னு வைங்க, 20,000 பாக்கிக்கு 750 ரூபாய், ஜிஎஸ்டி சேத்து 885. புதுசா வாங்குற பொருளுக்கும் வட்டியில்லாத நாள் கிடையாது, முதல் நாள்ல இருந்தே வட்டி. அதனால சேவிங்ஸ் அக்கவுன்ட்ல இருந்து முழுத் தொகையும் தானா போற மாதிரி ஆட்டோ டெபிட் போட்ருங்க. ட்ரிப் சமயத்துல செலவு எகிறுச்சுன்னா ஸ்டேட்மென்ட் வர்றதுக்கு முன்னாடியே கொஞ்சம் கட்டிருங்க, ரிப்போர்ட்ல கம்மியா காட்டும்.

ஒரு வருஷம் இப்படி ஓட்டிட்டு மறுபடி ரிப்போர்ட்டைப் பாருங்க. 750 பக்கம் வந்திருந்தா அப்ப ஃப்ளைட் டிக்கெட்டுக்கு பாயின்ட் சேர்ற மைல்ஸ் கார்டு, பேங்க்கும் இன்னொரு கம்பெனியும் சேந்து தர்ற கோ-பிராண்ட் கார்டுன்னு யோசிக்கலாம், அதுலயும் ஒரே ஒரு பேங்க்ல, முடிஞ்சா எஃப்டி இருக்குற அதே பேங்க்ல கேளுங்க. ரயில்லயே போறவங்க ஏர்லைன் கார்டு எடுத்து என்ன பண்ணப் போறீங்க, ஐஆர்சிடிசி கோ-பிராண்ட் கார்டைப் பாருங்க, ஸ்லீப்பருக்கு பாயின்ட் உண்டா, இல்ல ஏசிக்கு மட்டுமான்னு பாத்துட்டு எடுங்க.

புது கார்டு வந்ததும் பழைய எஃப்டி கார்டை உடனே மூடிறாதீங்க, மொத்த லிமிட் குறைஞ்சு ஸ்கோர் ஆட்டம் காணும். பணம் தேவைப்பட்டு மூடித்தான் ஆகணும்னா பாக்கி எல்லாம் கட்டிட்டு மெயில்ல எழுதிக் கேளுங்க, 7 வேலை நாளுக்குள்ள மூடணும், இழுத்தடிச்சா மூடுற வரைக்கும் நாளுக்கு 500 ரூபாய் பேங்க்தான் உங்களுக்குத் தரணும். அந்த மெயிலை டெலீட் பண்ணாம வச்சுக்கோங்க.