குரல்வளையைக் காண்பதும் குழாயைச் செலுத்துவதும்

நேயர்களுக்கு வணக்கம். பெரிய அறுவை சிகிச்சை முடித்து வந்த உறவினர் ஒருவர், மறுநாள் தொண்டை கரகரக்கிறது என்று சொல்ல நீங்கள் கேட்டிருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் காரணம், அவர் மயக்கத்தில் இருந்தபோது மூச்சுக்குழாய்க்குள் செலுத்தி வைத்திருந்த பிளாஸ்டிக் குழாயே. முழு மயக்கத்தோடு தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேரும்போது நோயாளியால் தாமாக மூச்சுவிட இயலாது; அந்தக் குழாய் வழியாகவே அவருக்கு ஆக்சிஜன் செல்கிறது. மூச்சுக்குழாய்க்குப் பின்னாலேயே உணவுக்குழாய் இருப்பதால், குழாய் எதற்குள் போகிறது என்பதைப் பார்த்துச் செலுத்த வேண்டும். அப்படிப் பார்க்க உதவும் கருவிதான் லாரிங்கோஸ்கோப்.

இன்று பலரும் கையாளும் பழைய வகைக் கருவி பிறந்த கதையைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. நியூசிலாந்தில் பிறந்த ராபர்ட் மேக்கின்டாஷ், 1937இல் ஆக்ஸ்ஃபோர்டில் மயக்கவியல் பேராசிரியரானார். அந்தப் பதவிக்குப் பணம் கொடுத்தவர் மோட்டார் கார் உற்பத்தியாளரான நஃபீல்டு பிரபு. மயக்கவியலுக்கென ஒரு பேராசிரியர் எதற்கு என்று பல்கலைக்கழகத்தில் தயங்கியவர்கள் இருந்தார்கள். மேக்கின்டாஷின் கையால் மயக்க மருந்து பெற்று அதன் அருமையை அறிந்திருந்த நஃபீல்டு விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மேக்கின்டாஷ் ஒரு நாள் டான்சில் அறுவைக்காக நோயாளியின் வாயைத் திறந்துவைக்கும் கருவியைப் பொருத்தியபோது, அதன் தகடு நாக்கை அழுத்தியிருந்த விதத்தில், மூச்சுக்குழாயின் வாயிலில் உள்ள குரல்நாண்கள் முழுமையாகக் கண்ணுக்குத் தெரிந்தன. அன்று காலை அறுவைப் பட்டியல் முடிவதற்குள், அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ரிச்சர்ட் சால்ட் அதே போன்ற தகட்டை ஒரு லாரிங்கோஸ்கோப்பின் கைப்பிடியில் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார். 1943இல் வெளியான அந்த வளைந்த பிளேடு உலகெங்கும் பரவி, இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அந்தக் கருவியால் பார்ப்பதற்கு ஒரு நேர்கோடு வேண்டும். மருத்துவரின் கண்ணும் நோயாளியின் பல்வரிசையும் குரல்நாண்களும் ஒரே கோட்டில் வரும்படி நாக்கையும் தாடையையும் உயர்த்த வேண்டும். கழுத்தை அசைக்க முடியாதவரிடமும், வாயைக் கொஞ்சமே திறக்க முடிபவரிடமும் அந்தக் கோடு எளிதில் கிடைக்காது. 2001இல் கனடா நாட்டு அறுவை மருத்துவர் ஜான் பேசி வடிவமைத்த வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறைந்தது. பிளேடின் நுனியருகே உள்ள கேமரா, வளைவுக்கு அப்பால் இருப்பதைத் திரையில் காட்டிவிடுகிறது.

எது மேல் என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் இதய, நெஞ்சு, இரத்தநாள அறுவைகளுக்கு வந்தவர்களிடம் நடந்து, 2024இல் வெளியான ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். மொத்தம் 8,429 அறுவைகள். முதல் முயற்சியிலேயே முடியாமல் மறுபடியும் முயன்றது, கண்ணால் நேராகப் பார்த்துச் செலுத்தும் நேரடி முறையில் நூற்றுக்கு 7.6, வீடியோ முறையில் 1.7. கருவியை மாற்றும்படி ஆனதும் மூன்று முயற்சிகளைத் தாண்டியதும் தோல்வி என்று கணக்கிடப்பட்டன. அது நேரடி முறையில் நூற்றுக்கு 4, வீடியோ முறையில் 0.27. ஒவ்வொரு கூடுதல் முயற்சியிலும் தொண்டை வீங்கவும், இரத்தம் கசியவும், ஆக்சிஜன் குறையவும் இடமுண்டு என்பதால் இந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகவே தோன்றுகிறது. ஆனால் பல்லுக்கும் தொண்டைக்கும் ஏற்பட்ட காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வசதியுள்ள இடத்தில் வீடியோ கருவியையே முதலில் எடுக்கலாம் என்பது என் கருத்து.

இருந்தாலும், மாணவர்களிடம் நான் ஓயாமல் சொல்லும் ஒன்றை இங்கும் சொல்கிறேன்: காண்பது வேறு, செலுத்துவது வேறு. மலைப்பாதை வளைவில் வைத்திருக்கும் குவிகண்ணாடி எதிரே வருவதைக் காட்டும். வண்டியைத் திருப்ப வேண்டியவர் ஓட்டுநர்தான். மிகுந்த வளைவுள்ள வீடியோ பிளேடில் குரல்நாண்கள் திரை நிறையத் தெரிந்தும் குழாய் அங்கே போய்ச் சேராமல் முட்டிக்கொண்டு நிற்பதுண்டு. அதற்காகவே ஸ்டைலெட் என்னும் கம்பியைக் குழாய்க்குள் நுழைத்து, பிளேடின் வளைவுக்கேற்ப வளைத்துக்கொள்கிறோம். அந்தக் குழாய் வாய்க்குள் நுழையும்போது கண் திரையில் இருக்கக் கூடாது, வாயில் இருக்க வேண்டும். இல்லையேல் கேமராவுக்குத் தெரியாத இடத்தில், வாயின் மேற்புறத்துப் பின்பகுதியான மென்அண்ணம் கிழியலாம். இரத்தமோ வாந்தியோ கேமராவை மூடிவிட்டால் திரையால் பயனில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே நேரடி முறையை இளம் மருத்துவர்கள் கைவிடக் கூடாது. மேக்கின்டாஷ் வடிவிலேயே வரும் வீடியோ பிளேடுகளைக் கொண்டு, மாணவர் நேராகப் பார்க்க, ஆசிரியர் திரையில் கவனித்துத் திருத்தலாம்.

குழாய் சரியாகச் சேர்ந்ததை வெளிமூச்சின் கரியமில வாயுவைக் கொண்டு உறுதிசெய்வது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரமில்லை. எந்தக் கருவியானாலும் அந்தச் சோதனை கட்டாயம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நேயர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று: ஆடும் பல், கழற்றி மாட்டும் பல்செட், முன்பு குழாய் செலுத்தக் கடினமாக இருந்ததாக ஏதேனும் மருத்துவமனைக் குறிப்பு, இவற்றை அறுவைக்கு முன் உங்கள் மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.