பொங்கலுக்கு யார் வீட்டுக்கு?

(சென்னையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில், மார்கழிக் கடைசி வாரத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

நம் பண்டிகைகளை ஒன்றொன்றாக எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒரு உறவுக்காரருக்கு உரியதாக இருக்கும். தலைதீபாவளி என்றால் மாமனார் வீடு. ஆடி பிறந்தால் புதுப்பெண்ணை அழைத்துப்போகப் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் அண்ணன் தம்பிகள் சீர் கொண்டுவர வேண்டும். மாட்டுப் பொங்கலன்று காலையில் மஞ்சள் இலையில் சோற்று உருண்டைகளை வரிசையாக வைத்துக் கனுப்பிடி வைக்கிற பெண்கள், உடன்பிறந்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் வைக்கிறார்கள். ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் போய்ச் சேர்ந்தவர்களுக்கு. இப்படி வருஷம் முழுவதையும் சொந்தபந்தங்களுக்கே பங்கு போட்டுக் கொடுத்துவிட்டோம்.

சரி, அண்ணன் தம்பி இல்லாத பெண் என்ன செய்வாள்? கல்யாணமே செய்துகொள்ளாதவர்? சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதால் இரண்டு வீட்டு வாசலும் அடைபட்டுப்போன தம்பதி? பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட, கணவரையும் இழந்த அம்மா? திருவல்லிக்கேணி மேன்ஷனில், மெஸ்ஸும் மூடிவிட்ட தீபாவளி மத்தியானத்தில், எந்தக் கடை திறந்திருக்கும் என்று தேடி நடக்கிற பையன்? இவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம் பேர் இல்லை. இந்தக் கூடத்திலேயே இருக்கிறார்கள். நான் இருக்கிறேன்.

அவர்களுக்காக இரக்கப்படச் சொல்லி நான் இங்கே நிற்கவில்லை. நண்பர்களோடு கொண்டாடும் பண்டிகையை, சொந்தக்காரர்கள் கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசாக நாம் பார்க்கிறோமே, அதைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன். அதற்கு ஒரு நிபந்தனையும் வைக்கிறேன். நட்பு குடும்பம் ஆக வேண்டுமென்றால் பிரியம் மட்டும் போதாது, முறை வேண்டும். இன்ன நாளுக்கு இன்னார் வர வேண்டும், இன்னார் இன்னது செய்ய வேண்டும், வராவிட்டால் ஏன் என்று கேட்கிற உரிமை இன்னாருக்கு உண்டு என்கிற முறை. சொந்தத்தைச் சொந்தமாக வைத்திருப்பதே அந்த முறைதான். பிரியமே இல்லாத மாமாகூடச் சீர் கொண்டுவந்து நிற்கிறார் இல்லையா? உயிரையே கொடுக்கிற சிநேகிதி மட்டும் “முடிந்தால் வர்றேன்டி” என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஏன் விட்டுவைத்திருக்கிறோம்?

இது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்த எண்ணம் என்று சிலர் நினைக்கிறார்கள். புறநானூற்றில் கபிலரைப் பாருங்கள். பறம்பு மலைப் பாரி மூவேந்தரால் கொல்லப்பட்ட பிறகு, அவனுடைய இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு சிற்றரசர்களின் வாசல் வாசலாகப் போகிறார், அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைக்க. இருங்கோவேளிடம் போய் நின்று, இவர்கள் யார் என்று கேட்பாயானால் பாரியின் மகளிர் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில், “யானே தந்தை தோழன், இவர் என் மகளிர்” என்கிறார். 201ஆம் பாட்டு. “என் மகளிர் போல” என்று அவர் சொல்லவில்லை. நண்பன் செத்துப்போனான், அவன் பெண்கள் என் பெண்கள் ஆகிவிட்டார்கள், அவ்வளவுதான். இருங்கோவேள் மறுத்துவிட்டான், அதற்கு முன்னால் விச்சிக்கோனும் மறுத்திருந்தான். அந்த அவமானத்தையெல்லாம் ஒரு தகப்பன் பட வேண்டிய அவமானமாகவே ஏற்றுக்கொண்டு அவர் நடந்தாரே, அதைத்தான் நான் முறை என்கிறேன்.

நான் ஆஸ்பத்திரியில் காலம் கழித்தவள். அங்கே பண்டிகை டூட்டி சார்ட்டில்தான் தொடங்கும். வார்டை மூட முடியாது, யாராவது இருந்தாக வேண்டும். யாரும் எங்களுக்குச் சொல்லித் தராமலே ஒரு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. தீபாவளிக்கு முதல் நாள் நைட்டைக் கிறிஸ்தவ சிஸ்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். கிறிஸ்துமஸுக்கு நாங்கள். ரம்ஜானுக்கு முஸ்லிம் சிஸ்டருக்கு லீவு கிடைக்க இரண்டு பேர் டபுள் டூட்டி பார்ப்போம். தமிழ்நாட்டில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸைக் கேட்டாலும் இதையே சொல்வார். இது ஒருவருக்கொருவர் செய்த உதவி என்று நாங்கள் நினைத்ததே இல்லை. கடன் என்றுதான் நினைத்தோம். அடுத்த பண்டிகைக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். அப்படி வாங்கியும் கொடுத்தும்தான் நாங்கள் சிலர் குடும்பமானோம்.

அதில் ஒருத்தி நாகர்கோவில்காரி. டிசம்பர் பிறந்தால் அவள் வீட்டிலிருந்து முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் டின் டின்னாக வரும். லீவு கிடைக்காத ஒரு வருஷம் அவள் குவார்ட்டர்ஸிலேயே பாசிப்பயறு வறுத்து, வெல்லப்பாகு காய்ச்சி, என்னையும் உட்கார வைத்து உருட்டச் சொன்னாள். பாகு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும், கை பொரிந்துபோகும். அதற்கப்புறம் ஊருக்குப் போக லீவு கிடைத்த வருஷங்களில்கூட, கிளம்புவதற்கு முன்னால் எங்களோடு ஒரு நாள் உருட்டிவிட்டுத்தான் போவாள். அவள் கணவர் தவறியபோது, பதினாறாம் நாள்வரை அந்த வீட்டு அடுப்பை நாங்கள் பார்த்துக்கொண்டோம். நீங்கள் யார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று எங்களுக்குத்தான் தெரிந்திருந்தது.

முறை என்று நான் சொல்வதை முழுசாகச் செய்துகாட்டியவர்கள் நம் ஊர்த் திருநங்கைகள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகம் இருக்கிறது. சித்திரையில் கூத்தாண்டவர் கோயிலில் 18 நாள் திருவிழா. பாரதப் போருக்குக் களப்பலியாகச் சம்மதித்த அரவான், சாவதற்கு முன் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறான். மறுநாள் சாகப்போகிறவனுக்குப் பெண் கொடுக்க யாருமில்லை. கண்ணனே மோகினியாக வந்து அவனை மணக்கிறான். பௌர்ணமியன்று திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் தேர் அழுகளம் போய்ச் சேர்ந்ததும் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை கட்டுவதும் எல்லாப் பத்திரிகையிலும் படமாக வருகிறது. படம் பிடிக்கிறவர்கள் அதை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அதற்கு முந்தைய நாட்களில் விழுப்புரம் லாட்ஜ்களில் நடப்பதைப் பார்க்க வேண்டும். மும்பையிலிருந்து, புனேயிலிருந்து, பெங்களூரிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். ஒரே அறையில் அம்மா, மகள்கள், மகள்களுக்கு மகள்கள். மூத்தவர் நானி, அதாவது பாட்டி. மகள் அம்மாவுக்குப் புடவை எடுத்து வந்திருப்பாள். அம்மா மகளுக்குப் பூ வாங்கி வைத்திருப்பார். போன வருஷம் வராதவளுக்குத் திட்டு விழும். “ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே?” என்று ஒரு குரல், “அந்த மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறியா?” என்று இன்னொரு குரல். ஆடிக்குப் பிறந்த வீடு வந்த பெண்ணிடம் கேட்கிற கேள்விகள் எல்லாமே அங்கே உண்டு. பெற்ற வீடு துரத்திவிட்ட பிள்ளைகள் இவர்கள், பலர் பள்ளிக்கூட வயதிலேயே. துரத்தப்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்தபோது “நாம் தோழிகள்” என்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஜமாத் என்கிற தங்கள் சமூகக் குழுவின் பெரியவர்கள் முன்னிலையில் ஒருவரை மகளாக ஏற்கும் சடங்கு வைத்தார்கள். தாய்க்கு என்ன கடமை, மகளுக்கு என்ன கடமை, தவறினால் என்ன அபராதம், தாய் இறந்தால் யார் துக்கம் காப்பது என்று எல்லாம் வகுத்தார்கள். அந்தக் கட்டுப்பாடு சிலருக்கு மூச்சுமுட்டும், உள்ளே அதிகாரமும் சண்டையும் உண்டு, வெளியேறியவர்களும் உண்டு. எந்தக் குடும்பத்தில் இல்லை? தமிழ்நாடு அரசு 2008இல் இவர்களுக்கு நலவாரியம் அமைத்தது, 2014இல் உச்ச நீதிமன்றம் இவர்களை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்தது. இரண்டும் வருவதற்கு வெகுகாலம் முன்பே இவர்களுக்குள் அம்மாவும் மகளும் இருந்தார்கள்.

சட்டமும் மெல்ல மெல்ல வந்துகொண்டிருக்கிறது. 2025 மே மாதம், பிறந்த வீட்டாரால் அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணை மீட்கக் கோரி அவருடைய துணைவியான இன்னொரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் இருவரும், குடும்பம் உண்டாவதற்குக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தானே தேர்ந்துகொண்ட குடும்பம் என்பது ஏற்கப்பட்ட ஒன்று என்று தீர்ப்பில் எழுதினார்கள். அந்தப் பெண் தன் விருப்பப்படி போகலாம் என்றும் சொன்னார்கள். நம் ஊர் நீதிமன்றத்தில் இந்த வார்த்தைகளைக் கேட்டது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன், ஏனென்றால் நல்ல எண்ணங்கள் எல்லாம் இங்கேதான் கவிழ்கின்றன. முதலில் நாள். நண்பர்கள் தீபாவளியன்று காலையிலோ பொங்கலன்றோ கூட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பாதிப் பேருக்கு வேறு வீட்டிலும் கடமை இருக்கும். மகன் பெங்களூரிலிருந்து கூப்பிடுவான், போகத்தான் வேண்டும். யாரும் உரிமை கொண்டாடாத நாளாகப் பார்த்துப் பிடியுங்கள். அமெரிக்காவில் நவம்பர் நாலாவது வியாழக்கிழமை நன்றி சொல்லும் திருநாள். அது குடும்பத்துக்கு. நண்பர்கள் அதற்குச் சில நாள் முன்பாகவே தங்களுக்கென்று ஒரு விருந்து வைத்துக்கொண்டு அதை ஃபிரண்ட்ஸ்கிவிங் என்கிறார்கள். நமக்கு அவ்வளவு கஷ்டமே இல்லை, காணும் பொங்கல் இருக்கிறது. ஒருவரையொருவர் போய்ப் பார்ப்பதற்கென்றே ஏற்பட்ட நாள். எங்கள் கூட்டம் அந்த நாளைத்தான் எடுத்துக்கொண்டது. கடற்கரைக் கூட்டத்தில் எங்களால் நிற்க முடியாது, ஒருவர் வீட்டு மொட்டை மாடிதான்.

அடுத்து வேலை. எந்த வீட்டில் கூடுகிறோமோ அந்த வீட்டுக்காரிதான் சமைக்க வேண்டும் என்று விட்டால் மூன்றாம் வருஷம் கூட்டம் கலைந்துவிடும். இது நான் பல இடங்களில் கண்ணால் பார்த்தது. பாத்திரம் கழுவுகிறவர் யார் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள், ஆண்கள் இருந்தால் அவர்களிலிருந்தே ஆரம்பியுங்கள். செலவையும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஓய்வூதியம் வாங்குகிறவரும் வேலை தேடுகிறவரும் ஒரே அளவு பணம் போட வேண்டியதில்லை.

மூன்றாவது, சீர். சிரிக்காதீர்கள், இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். சிநேகிதிக்குச் சீர் கொடுங்கள். ஒரு மஞ்சள் கொத்து, ஒரு ஜோடிக் கரும்பு, ஒரு படி பச்சரிசி, வெல்லம், முடிந்தால் ஒரு புடவை. தட்டில் வைத்து, அக்கம்பக்கத்தார் பார்க்கும்படி எடுத்துக்கொண்டு போங்கள். தனியாக இருக்கிற பெண்ணுக்குச் சீர் வருகிறது என்பதைத் தெரு பார்ப்பதில் ஒரு பலம் இருக்கிறது. அவளுக்கும் கேட்க நாலு பேர் உண்டு என்று தெருவுக்குத் தெரிகிறது.

அப்புறம் போகி. அன்று நாங்கள் எதையும் எரிப்பதில்லை, சென்னைப் புகை போதும். அந்த நாளில் காகிதங்களை எடுத்து உட்காருவோம். பேங்க் கணக்கில் நாமினி யார் என்று பார்ப்போம். நாமினியாகச் சிநேகிதியையும் போடலாம், ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று கிடையாது. ஆனால் பணம் யாருக்கு என்பதை உயில்தான் தீர்மானிக்கும். வெள்ளைத் தாளில் எழுதி, நாமும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டால் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், எனக்கு மனநலச் சிகிச்சை தேவைப்படும் காலத்தில் என் சார்பில் பேச வேண்டியவர் இன்னார் என்று சாதாரணத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைக்கலாம். அவரும் உறவுக்காரராக இருக்க வேண்டியதில்லை. பண்டிகை நேரத்தில் சாவைப் பற்றியும் வியாதியைப் பற்றியும் ஏன் பேச்சு என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருபது வருஷத் தோழியை “நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?” என்று கேட்டுவிட்டு, ஊரிலிருந்து வரும் பெரியப்பா மகனுக்காகக் கையெழுத்தை நிறுத்திவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரைப் பொங்கலைச் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் இதையும் சேர்ந்தே பேசிவிட வேண்டும்.

கடைசியாக, பெற்றவர்கள் மனசு கஷ்டப்படாதா என்று இங்கே வரும்போதே ஒரு தம்பி கேட்டார். படும். அவர்களையும் கூப்பிடுங்கள் தம்பி. உங்கள் அம்மா வந்து, வெண்பொங்கலில் மிளகு பத்தாது என்று உங்கள் நண்பர்களைக் குறை சொல்லட்டும். அவர்களுக்கும் ஒரு அத்தை கிடைத்த மாதிரி இருக்கும். வர மறுத்தால், உங்களைச் சேர்க்கவே மாட்டோம் என்றால், அது உங்கள் குற்றமில்லை.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகாதவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரிய வேண்டும். கூட்டம் முடிந்ததும் இந்த ஜன்னல் பக்கம் வந்து நில்லுங்கள். என் வீட்டு மாடியில் இருபது பேர் தாராளமாக உட்காரலாம், அதற்கு மேல் போனால் பக்கத்து மாடியையும் கேட்டு வைத்திருக்கிறேன். அரிசியும் வெல்லமும் நான் பார்த்துக்கொள்கிறேன். கரும்பு கொண்டுவர வண்டி வைத்திருப்பவர் ஒருவர் வேண்டும். பாத்திரம் கழுவ இரண்டு பேர் இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள். வணக்கம்.