விலை ஏறும் நகரத்தில் வீட்டு ஏஜென்ட்டுகள் எதற்காக மோதுகிறார்கள்?

[திரையில்: நியூயார்க், சென்ட்ரல் பார்க்கின் தெற்கு ஓரத்தில் நிற்கும் உயரமான கட்டடங்கள்]

2019 ஜனவரி. 220 சென்ட்ரல் பார்க் சவுத் என்ற கட்டடத்தில் பென்ட்ஹவுஸ் என்ற ஆடம்பர மாடி வீடு ஒன்று கைமாறியது. வாங்கியவர் ஹெட்ஜ் ஃபண்ட் என்ற வகை முதலீட்டு நிறுவனத்தின் அதிபர் கென் கிரிஃபின். விலை சுமார் 23.8 கோடி டாலர். அதுவரை அமெரிக்காவில் எந்த வீடும் அந்த விலைக்குப் போனதில்லை.

செய்தியைப் படிப்பவர்களுக்கு உடனே ஒரு கணக்கு ஓடும். இதில் ஒரே ஒரு சதவீதம் கமிஷன் கிடைத்தாலும் 23 லட்சம் டாலருக்கு மேல் வருமே! இப்படி ஒரு வீடு அமைந்தால் ஆயுசுக்கும் போதும். இந்த ஆசைதான் விலை ஏறும் ஒவ்வொரு நகரத்திலும் புதுப்புது ஆட்களை இந்தத் தொழிலுக்குள் இழுத்து வருகிறது. உள்ளே வருவதும் கடினமில்லை. நியூயார்க் மாநிலத்தில் 77 மணி நேரப் பயிற்சி, ஒரு தேர்வு, லைசன்ஸ் உள்ள ஒரு புரோக்கரின் கீழ் சேர்வது, அவ்வளவுதான்.

அப்புறம் என்ன நடக்கிறது? இதைப் பொருளாதார அறிஞர்கள் சாங்-டாய் ஷேவும் என்ரிகோ மொரெட்டியும் 2003இல் விளக்கினார்கள். அமெரிக்காவின் 282 பெருநகரப் பகுதிகளின் 1980, 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். வீட்டு விலை அதிகமான ஊர்களில் ஏஜென்ட்டின் வருமானமும் அதிகம் என்றுதானே நினைப்போம்? இல்லை. பாஸ்டனில் வீட்டு விலை மினியாபொலிஸைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. ஆனால் பாஸ்டன் ஏஜென்ட் விற்ற வீடுகளோ ஏறத்தாழ பாதிதான். ஒரு விற்பனைக்கான கமிஷன் கூடியதும் அதைப் பங்குபோட அத்தனை பேர் கூடிவிட்டார்கள்.

சாதாரணமாக ஒரு தொழிலில் ஆள் பெருகினால் கூலி இறங்கும். இங்கே கமிஷன் சதவீதம் பல பத்தாண்டுகளாக 5, 6 என்ற அளவிலேயே நின்றது. கூலியில் போட்டி இல்லாதபோது, போட்டி வேறு இடத்துக்குப் போகிறது. விளம்பரம், விருந்து, ட்ரோன் வீடியோ, வாடகைக்கு எடுத்த சோபாவும் ஓவியமும் வைத்து வீட்டை அலங்கரிக்கும் ஸ்டேஜிங். இவற்றில் பெரும்பகுதி, வாடிக்கையாளரைப் பக்கத்து ஏஜென்ட்டிடமிருந்து இழுப்பதற்காகச் செய்யும் செலவு. வீடு விற்பனையில் அதனால் பெரிய நன்மை எதுவும் கூடுவதில்லை. அந்த ஆய்வின் மையக் கருத்தே இதுதான்: அத்தனை உழைப்பும் வீணாகிறது.

2021 தொடக்கத்தில் இந்த நெரிசல் கண்ணுக்கே தெரிந்தது. வீட்டு ஏஜென்ட்டுகளின் அமைப்பான அமெரிக்க ரியல்டர்கள் சங்கத்தில் 14 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள். விற்பனைக்கு இருந்த வீடுகளோ சுமார் 10 லட்சம்.

[திரையில்: ஒரு ஒப்பந்தத் தாள், கீழே கையெழுத்துக் கோடு]

சரி, இந்த ஏஜென்ட்டுகள் எதற்காக மோதுகிறார்கள்? வாங்குபவருக்காக என்று தோன்றும். ஆனால் சந்தை சூடாக இருக்கும்போது வாங்க ஆள் தேடி அலையத் தேவையில்லை. விற்க வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு. அதனால் சண்டை முழுவதும் இந்தக் கையெழுத்துக்காக. 'இத்தனை மாதத்துக்கு என் வீட்டை இவர் மட்டுமே விற்கலாம்' என்று வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கும் எக்ஸ்க்ளூசிவ் லிஸ்டிங். அது கையில் இருந்தால், வாங்குபவரை யார் கூட்டி வந்தாலும் இவர் பங்கு இவருக்கு.

கையெழுத்து வாங்க ஒரு பழைய உத்தி உண்டு. மூன்று ஏஜென்ட்டுகள் வந்து வீட்டைப் பார்க்கிறார்கள். இருவர் சொல்லும் விலை ஒன்றுக்கொன்று அருகில் இருக்கிறது. மூன்றாமவர் அதைவிட வெகு உயரமாகச் சொல்கிறார். யாருக்குத்தான் ஆசை வராது? கையெழுத்து மூன்றாமவருக்கே போகிறது. இரண்டு மாதம் கழித்து, "சந்தை கொஞ்சம் தணிந்துவிட்டது, விலையைக் குறைப்போமா?" என்று அவர் பேச ஆரம்பிக்கிறார். விலை குறைக்கப்பட்ட வீட்டைப் பார்ப்பவர்கள், அதில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறார்கள். முதலிலேயே சரியான விலை வைத்திருந்தால் வந்திருக்கக்கூடிய தொகைகூடச் சில நேரம் வருவதில்லை. இந்தப் போட்டியில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ஏமாறுவது, வாழ்நாளில் ஓரிரு முறை மட்டுமே வீடு விற்கும் மனிதர்.

கையெழுத்து போட்ட பிறகு ஏஜென்ட்டின் கணக்கே மாறுகிறது. 10 லட்சம் டாலர் வீடு, மொத்தக் கமிஷன் 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பாதி, வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கு. மீதியில் பாதியை இவர் வேலை செய்யும் நிறுவனம் எடுத்துக்கொண்டால், இவருக்கு நிற்பது ஒன்றரை சதவீதம். இன்னும் இரண்டு வாரம் பொறுத்தால் 50,000 டாலர் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நிலை. வீட்டுக்காரருக்கு அதில் 47,000. ஏஜென்ட்டுக்கு வெறும் 750. அவர் ஏன் காத்திருப்பார்?

இது வெறும் ஊகமில்லை. ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் சிகாகோ பகுதியில் ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். ஏஜென்ட்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்றபோது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகப் பொறுத்தார்கள், 3.7 சதவீதம் கூடுதல் விலை வாங்கினார்கள்.

ஆடம்பர வீடுகளில் இன்னொரு வழியும் உண்டு: வீட்டை எல்லா ஏஜென்ட்டுகளும் பார்க்கும் பொதுப் பட்டியலில் போடாமல், தெரிந்தவர்களுக்கு மட்டும் காட்டும் பாக்கெட் லிஸ்டிங். பிரபலங்களுக்கு அந்த மறைவு நிஜமாகவே தேவைப்படலாம். ஆனால் வாங்குபவரும் அதே நிறுவனத்திலேயே கிடைத்தால் இரண்டு பக்கக் கமிஷனும் அந்த நிறுவனத்துக்குள்ளேயே நின்றுவிடும். வீட்டுக்காரரோ, வெளியே இருந்த வாடிக்கையாளர்களை இழக்கிறார். பொதுவில் விளம்பரம் செய்த வீட்டை ஒரு வேலை நாளுக்குள் பட்டியலில் ஏற்ற வேண்டும் என்று ரியல்டர்கள் சங்கம் 2019இல் விதி கொண்டுவந்தது இதனால்தான்.

கமிஷன் விஷயமும் கடைசியில் நீதிமன்றம் போனது. 2023 அக்டோபரில் மிசௌரி மாநிலத்தில் ஒரு ஜூரி, சங்கமும் பெரிய நிறுவனங்களும் சேர்ந்து கமிஷனை உயர்த்தி வைத்திருந்தன என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு சங்கம் 41.8 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 2024 ஆகஸ்ட் 17 முதல், வீட்டைக் காட்டுவதற்கு முன்பே வாங்குபவருடன் கமிஷனை எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும்.

நீங்கள் விற்கும் இடத்தில் இருந்தால், ஏஜென்ட் சொல்லும் விலையை ஓரமாக வைத்துவிட்டு, அவர் கடைசியாக விற்ற வீடுகளின் பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் வைத்த விலை, விற்ற விலை, பிடித்த நாட்கள். பிறகு, ஒப்பந்தக் காலத்தை முடிந்த அளவு குறைவாகக் கேளுங்கள்.